நவம்பர் சான்று

தண்டையார்பேட்டை இ-சேவை மையத்தில்
நான் இன்னும் சாகவில்லை என்று
வருஷத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும்.
"கேமராவப் பாத்து கண்ணச் சிமிட்டுங்க சார்."
சிமிட்டினேன்.
"கண்ல என்னமோ கறுப்பா கீது, தொடச்சிக்கோங்க."

நேற்று ராத்திரி மை.
தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தும்
இமையடியில் ஒரு நூல் நின்றுவிட்டது.

ஹவில்தார் துளசிங்கம்,
இருபத்து நாலு வருஷம், சிக்னல்ஸ்.
ஒரே 'சி'யைப் பிடித்துக்கொண்டு
இந்தப் பக்கம் துளசியும்
அந்தப் பக்கம் சிங்கமும்
விடாமல் இழுக்கிற பேர்.

பேர் சொல்லக் கூடாத ஒரு போஸ்ட்.
பனி. பாராகானா இரவு.
ரம்மும் ஆட்டுக்கறியும், தார்ப்பாய் கட்டிய மேடையும்.
பொம்பளை வேஷத்துக்கு ஆள் கேட்டார் சுபேதார்.
மீசையெடுக்கச் சம்மதித்தது ரெண்டே பேர்:
நானும், காசிமேட்டு லான்ஸ் நாயக் செராபினும்.
எவனோ தன் பெண்டாட்டிக்கு வாங்கி வைத்திருந்த சேலைகள்.
கர்னல் எழுந்து நின்று கைதட்டினார்.
தலைக்கு நூறு ரூபாய் பரிசு.

எல்லாரும் படுத்த பிறகும்
நான் அவிழ்க்கவில்லை.
சேலைமேல் கம்பளிக் கோட்டு,
கோட்டுமேல் துப்பாக்கி,
ரெண்டு மணியிலிருந்து நாலு மணிவரை காவல்.
சர்வீஸ் மொத்தத்திலும்
அப்படி விழித்திருந்ததில்லை நான்.

செராபின் அவிழ்த்தான். மடித்தான்.
மடித்ததன்மேல் தலைவைத்து அழுதான்.
அன்றைக்கு 'அவன்' என்றுதான் சொன்னோம்.
குளிரில் நடுங்குகிறான் என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.

இப்போது செலின்.
விடியலில் வஞ்சிரத்துக்கு விலை கூவுகிற குரல்
வயர்லெஸ்ஸில் கேட்ட அதே குரல்தான்.
பாலிக்ளினிக்கில் "செராபின்" என்று கூப்பிட்டால்
புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்திருப்பாள்.
பெஞ்சு மொத்தமும் திரும்பும்.
பழைய பீரங்கிகள்;
கழுத்து மட்டும் துருப்பிடிக்கவில்லை.
"ஆதார்ல மாத்திட்டேன், பேங்குல மாத்திட்டேன்,
பென்சன்ல மட்டும் இன்னும் ஆம்பள.
மாசாமாசம் அவன் சம்பாரிச்சத
நான் துன்றேன்" என்பாள்.

கடலோரக் கருங்கல்லில் உட்கார்ந்து ஒருநாள் கேட்டேன்:
நானும் உன்னை மாதிரியா?
"உனக்குச் சேல இருந்தா போதும்.
எனக்கு அன்னிக்கு யூனிபாரம் போட்டிருந்தப்பவும்
நான் பொம்பளதான்."
அப்போ நான் யாரு?
"எனக்கு இன்னாத்த தெரியும்,
ஐஸு கரையுது, எந்திரி."

எம்.சி. ரோட்டுக் கடைப்பையன் கேட்டான்,
"அம்மா என்னா ஹைட்டு சார்?"
என் ஹைட்டுதான்.
"சூப்பர் ஜோடி சார்."
மயில்கழுத்து நிறத்தில் எடுத்தேன்.

வீட்டில் பச்சை டிரங்குப் பெட்டி,
வெள்ளைப் பெயிண்டில் என் நம்பர்.
உள்ளே தோட்டா இருக்கும் என்று
வேதவல்லி பதினாறு வருஷம் தொடவில்லை.
போன ஆடியில் எலி வந்தது. திறந்துவிட்டாள்.
அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை.
நானும் கேட்கவில்லை.
நாலைந்து நாள் கழித்துப் பார்த்தேன்,
மயில்கழுத்து மடிப்புக்குள்
ரெண்டு அந்துருண்டை.
இதுவரை அதைப் பற்றி
ஒரு வார்த்தை பேசவில்லை அவள்.
மூக்கில் அந்த வாசம் மட்டும்.

"இன்னொரு தபா சிமிட்டுங்க சார்."
துடைக்காமலே சிமிட்டினேன்.
"ஏத்துக்கிச்சு."
உயிரோடு இருக்கிறார் என்று தாள் வந்தது.
பாலினம் என்ற இடத்தில்
முன்பே எவனோ நிரப்பியிருந்தான்.
மீதி பத்து ரூபாய்க்குச் சில்லறை இல்லையாம்.

வெளியே தூறல்.
மணலிப் பக்கம் போகிற டேங்கர் ஒன்று
சேற்றை வாரியடித்துப் போனது.
மை கரைந்து கண் எரிந்தது.
கையை எடுத்துக்கொண்டு போனேன்,
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.